ஹோல்டு அண்ணன் சொன்ன ‘வாரேன்’

கஸ்டமர் கேருக்குப் போன் போடுவதற்காகவே காலையில் குளித்து, சட்டை மாற்றி, திருநீறு பூசிக்கொண்டு வந்து உட்காருகிற மனிதர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவரும் எங்கள் அருப்புக்கோட்டையில்தான் இருக்கிறார். நீங்களும் நானும் அந்த நம்பரைப் பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்துவோம். அவர் கல்யாணப் பத்திரிகை கொடுக்கக் கிளம்பிய ஆள் மாதிரி முகமெல்லாம் சிரிப்பாக அழுத்துவார்.

அவர் பெயர் ஹோல்டு அண்ணன். ஆதாரில் வேறு பெயர் உண்டு. அதில் பிழை திருத்திக் கொடுத்தவளே நான்தான். ஆனாலும் அந்தப் பெயர் எனக்கு மறந்தே போய்விட்டது. எங்கள் பக்கத்து வாயில் ‘ஹோல்டு’ என்பது ‘ஓல்டு’ என்றுதான் வரும். அதனால் வெளியூர்க்காரர்கள், பாவம் யாரோ வயசாளி போலிருக்கிறது என்று எண்ணி வருவார்கள். வந்து பார்த்தால் ஐம்பது வயதில், மீசைக்கு மை பூசிய ஒருவர் காதில் ஒரு போனும் கையில் ஒரு போனுமாக நின்றுகொண்டிருப்பார்.

தொழில் மைக்செட். கல்யாணம், சடங்கு, கோயில் கொடை எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் ஊரை எழுப்பும். திருச்சுழி ரோட்டில் அவர் கடைக்கு அடுத்த கடை அப்போது என்னுடையது. ஜெராக்ஸ், ஆன்லைன் விண்ணப்பம், போட்டோ லேமினேஷன். முகூர்த்தம் இல்லாத நாளில் அவருக்கு வேலை இருக்காது. அந்த நாட்களில்தான் தெருவில் உள்ள அத்தனை பேருடைய புகார்களையும் தத்தெடுத்துக்கொள்வார். யார் வீட்டு டிவியில் படம் வராவிட்டாலும், யாருடைய சிம்மில் சிக்னல் இல்லாவிட்டாலும், “குடுங்க, நான் பேசுறேன்” என்று போனைப் பிடுங்கிக்கொள்வார்.

‘உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது’ என்று ஒரு பெண் குரல் வருமே, அதைக் கேட்டவுடன் அவர் எழுந்து நின்றுவிடுவார்.

“கேட்டியா தங்கச்சி? முக்கியமாம்ல! நான் ரெண்டு நாளு வீட்டுக்குப் போகலைனாலும் ஒருத்தரும் தேட மாட்டாக. இந்தப் பிள்ளைக்கு என் பேரு தெரியாது, ஊரு தெரியாது, முக்கியம்ங்குது பாரு!”

“அண்ணே, அது ரெக்கார்டு பண்ணி வச்சது.”

“ரெக்கார்டு பண்ணுனாலும் யாரோ ஒரு பிள்ள வாயத் தொறந்து சொன்னதுதான?”

நான் ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஹோல்டில் போட்டால் நமக்கெல்லாம் ரத்தம் கொதிக்கும். அவர் அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார். காது வலிக்கிறது என்று போனை ஆம்ப்ளிபயரில் செருகி, குழாயை ரோட்டுப் பக்கம் திருப்பிவிடுவார். ஹோல்டில் வரும் அந்த டிங்கு டிங்கு சங்கீதம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். ஒருமுறை பாலவனத்தத்திலிருந்து வந்த ஒரு அம்மா தட்டில் பூ, பழம், வளையலோடு என் கடை வாசலில் நின்று, “சடங்கு வீடு எதும்மா?” என்று கேட்டுவிட்டார். அது ஒரு ஃபிரிட்ஜுக்கான புகார் என்று சொல்லிப் புரியவைப்பதற்குள் எனக்கு வேர்த்துவிட்டது.

எல்லாப் பொருளையும் ஆஃப் செய்து, முப்பது செகண்டு விட்டு, ஆன் செய்யச் சொல்வார்கள் இல்லையா? அதை அவர் வேத வாக்காக எடுத்துக்கொண்டார். எதிர்வீட்டுப் புருஷன் பெண்டாட்டி சண்டையைத் தீர்த்துவைக்கப் போனவர், “ரெண்டு பேரும் அரை மணி நேரம் ஆஃப்ல இருங்க. பெறகு ஒரே நேரத்துல ஆன் ஆகக் கூடாது. மொதல்ல தங்கச்சி ஆன் ஆகட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் இன்றைக்கும் சேர்ந்துதான் வாழ்கிறார்கள்.

பேசி முடிக்கும்போது, ‘வேறு ஏதேனும் உதவி வேண்டுமா?’ என்று ஒப்புக்குக் கேட்பார்களே, அதுதான் அவருக்கு உயிர். “கேட்டதுக்குச் சொல்றேன் தாயி. எங்க தெருவுல தண்ணி வந்து அஞ்சு நாளாச்சு. மல்லாங்கிணறு பஸ்ஸு நேரத்துக்கு வர மாட்டேங்குது. மாமியா வீட்டுல ஒரு வருத்தம்...” என்று ஆரம்பித்துவிடுவார். அந்தப் பக்கம் இருப்பவர்கள் தாங்களாகப் போனை வைக்கக் கூடாது என்பது அவர்களுடைய சட்டமாம். அந்த ரகசியத்தை எப்படியோ தெரிந்துவைத்திருந்தார். எத்தனை பிள்ளைகள் அந்தக் குடும்ப வருத்தத்தைக் கேட்டுக் கண்ணீர் விட்டார்களோ தெரியாது.

சரி, இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற கதை. இந்த மனிதருடைய போன் பைத்தியம், எங்கள் பேச்சில் கோட்டி, எதற்கு உதவியது என்பதை நான் பார்த்த நாள் ஒன்று உண்டு. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன்.

பரளச்சியிலிருந்து பேச்சியம்மாள் அக்கா ஒருநாள் காலை பத்து மணிக்கு என் கடைக்கு வந்தார். காலமெல்லாம் அடுத்தவர் காட்டில் களை எடுத்தவர். அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு ஏக்கர் கரிசலைக் குத்தகைக்குப் பிடித்து, தன் பெயரில் மிளகாய் வைத்திருந்தார். போர்வெல்லில் சோலார் மோட்டார். செடி பூத்துக் குலுங்குகிற நேரத்தில் மோட்டார் படுத்துவிட்டது. கண்ட்ரோல் பெட்டியில் சிவப்பு லைட் எரிகிறது, தண்ணீர் வரவில்லை. கம்பெனி நம்பருக்கு நாலு நாளாகப் போன் போட்டிருக்கிறார். ஒவ்வொரு முறையும் நல்ல வார்த்தை பேசியிருக்கிறார்கள். பிறகு இங்கிலீஷில் ஒரு மெசேஜ் வந்திருக்கிறது.

“இதுல என்ன போட்டுருக்குன்னு வாசி தாயி. மெக்கானிக்கு எப்ப வாராகளாம்?”

வாசித்தேன். நாலு மெசேஜிலும் ஒரே வரிதான். உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.

“முடிஞ்சிருச்சா? யாரும் வரவே இல்லையே! பூவெல்லாம் கொட்டுது. தலையில செமந்து ஊத்துனா எத்தன செடிக்கு ஊத்துவேன்? இன்னும் ரெண்டு நாளு போச்சுன்னா காஞ்ச குச்சியத்தான் பிடுங்கணும்.”

அவர் அழவில்லை. போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றார். அதைப் பார்க்க எனக்குத்தான் தாங்கவில்லை. அடுத்த கடையைப் பார்த்து ஒரு சத்தம் கொடுத்தேன். ஹோல்டு அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்த இட்லியை அப்படியே வைத்துவிட்டு ஓடி வந்தார்.

அக்காவின் போனிலிருந்தே நம்பரைப் போட்டார். குழாயிலும் செருகினார். டீக்கடையில் இருந்தவர்கள் கிளாஸோடு வந்து நின்றார்கள். லைனில் வந்த பெண் தன் பெயர் பூஜா என்றாள். தமிழ்ப் பிரிவுக்கு ஆள் கிடைக்காமல் எங்கோ வடக்கே இரண்டு மாதம் தமிழ் கற்றுக்கொடுத்து உட்காரவைத்த பிள்ளை என்பது முதல் வரியிலேயே தெரிந்துவிட்டது. “வணக்கம் ஐயா, நான் உங்களுக்கு எவ்வாறு உதவி செய்வது?” என்று ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தாள்.

ஊர்ப் பெயர் அவளுக்குப் பிடிபடவில்லை. இங்கிலீஷில் எழுத்தெழுத்தாகச் சொல்லச் சொன்னாள். அண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

“எழுதிக்க தாயி. பி, பருத்திக்கு உள்ள பி. ஏ, ஆட்டுக்கு உள்ள ஏ. ஆர், ரேசனு. பெறகு இன்னொரு ஆடு.”

“அதே ஆடா ஐயா?”

“இது வேற ஆடு. எல், லோடு. பெறகு மூணாவது ஆடு.”

“மொத்தம் மூன்று ஆடு. சரி ஐயா.”

“சி, சைக்கிளு. ஹெச்சு, ஓல்டு. ஐ, இட்லி. முடிஞ்சது!”

டீக்கடைக்காரர்கள் கைதட்டினார்கள். புகார் பதிவாகிவிட்டது, இருபத்து நாலு மணி நேரத்தில் ஆள் வருவார் என்றாள் பூஜா. அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, “ரொம்ப சந்தோசம் தாயி, வாரேன்” என்று போனை வைத்தார்.

பத்து நிமிஷம் ஆகவில்லை, மெசேஜ் வந்தது. உங்கள் புகார் முடித்துவைக்கப்பட்டது.

அண்ணனுக்கு முகம் கறுத்துவிட்டது. மறுபடி போட்டார். வேறொரு பெண், மறுபடி மூன்று ஆடு, மறுபடி நல்ல வார்த்தை. “நல்லது தாயி, வாரேன்.” பத்து நிமிஷத்தில் மறுபடி அதே மெசேஜ். அவருக்கு வாழ்க்கையிலேயே முதல்முறையாகக் கஸ்டமர் கேர்மீது கோபம் வந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். மூன்றாவது முறை போட்டபோது பூஜாவே லைனுக்கு வந்தாள்.

“ஏத்தா, எதுக்கு என் புகாரை மூடிக்கிட்டே இருக்கீக?”

பூஜா கம்ப்யூட்டரைத் தட்டிப் பார்க்கும் சத்தம் ரோடு முழுக்கக் கேட்டது. “ஐயா, நீங்கள் நேரில் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள். வாடிக்கையாளர் நேரில் வந்தால் புகாரை மூடிவிட்டு, விருதுநகர் சர்வீஸ் சென்டருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது விதி.”

“நான் எப்ப வாரேன்னு சொன்னேன்?”

“கடைசியில் சொன்னீர்கள் ஐயா. ‘தாயி, வாரேன்’ என்று. பேச்சியம்மாள் அவர்களும் நான்கு முறை சொல்லியிருக்கிறார். ‘வாரேன் தாயி’ என்று எழுதியிருக்கிறது.”

டீக்கடையில் ஒருவர் சிரிக்க ஆரம்பித்து, அது பரவி, பஸ்ஸுக்கு நின்றவர்கள் வரை சிரித்தார்கள். பேச்சியம்மாள் அக்கா மட்டும் வாயில் கை வைத்துக்கொண்டு, “அடியாத்தி, என் வாயாலயே என் செடியக் கெடுத்துக்கிட்டேனே!” என்றார். அதற்குமேல் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

“வாரேன்னா வாரேன்னு அர்த்தம் இல்ல தாயி. போறேன்னு அர்த்தம்” என்று அண்ணன் விளக்கினார்.

“அப்படியென்றால் ‘போறேன்’ என்றே சொல்லுங்கள் ஐயா. நான் குழம்ப மாட்டேன்.”

அவ்வளவுதான். கூட்டமே பதறியது. “ஏலே, அந்தப் பிள்ள என்னலே சொல்லுது!” என்றார் ஒருவர். வாழ்கிற பயிரை வைத்துக்கொண்டு ‘போறேன்’ என்ற சொல்லை யாராவது வாயில் வைப்பார்களா? பேச்சியம்மாள் அக்கா தலையைப் பலமாக ஆட்டினார். “பயிரு போகுதேன்னுதான் வந்துருக்கேன். போறேன்னு வேற சொல்லச் சொல்றியா? என் நாக்குல வராது, சாமி.”

வாரேன் என்றால் புகார் மூடிவிடும். போறேன் என்று சொல்ல வழியில்லை. ஒன்றும் சொல்லாமல் படக்கென்று வைப்பது அண்ணனுடைய மரியாதைக்கு ஆகாது. அவர் மூன்று விநாடி யோசித்தார். பிறகு கடைக்குள் ஓடி, மைக்கை எடுத்து வந்து போனருகே வைத்து, அந்த ரெக்கார்டு பெண்ணின் குரலிலேயே இழுத்துப் பேசினார்.

“உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது. தயவுசெய்து லைனில் காத்திருக்கவும்.”

நாதஸ்வரத்தைப் போட்டுவிட்டார்! கஸ்டமர் கேரையே ஹோல்டில் போட்டுவிட்டார்!

பூஜா திணறினாள். அவளுடைய மேலாளர் ஒருவர் லைனுக்கு வந்து, “சார், வைத்துவிடுங்கள், நாங்களே கூப்பிடுகிறோம்” என்றார். “நீங்க வைங்க சார்” என்றார் அண்ணன். “நாங்கள் வைக்கக் கூடாது சார்.” “அப்ப மெக்கானிக்கு வண்டி ஏறுற வரைக்கும் நானும் வைக்க மாட்டேன்.” மேலாளர் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு இறங்கி வந்தார். கண்ட்ரோல் பெட்டியின் பக்கவாட்டில் உள்ள பதினாலு இலக்க நம்பரைச் சொன்னால், லைனில் இருக்கும்போதே மெக்கானிக்கைக் கிளப்பிவிடுவதாகச் சொன்னார்.

பெட்டி பரளச்சிக் காட்டில் இருக்கிறது. நாங்கள் அருப்புக்கோட்டை ரோட்டில் நிற்கிறோம்.

“ஏறுங்க எல்லாரும்!” என்று கத்தினார் அண்ணன். மைக்செட் ஏற்றுகிற அவருடைய சின்ன லோடு வண்டியில் ஏறினோம். முன்னால் அவரும் பேச்சியம்மாள் அக்காவும். பின்னால் ஸ்பீக்கர் பெட்டிகளுக்கு நடுவே நானும், கையில் உயிருள்ள அந்தப் போனும். கடைக்கு ஷட்டர் போட்டேனா என்பதுகூட ஞாபகம் இல்லை. வண்டி பறந்தது. பக்கத்தில் அண்ணனுடைய போனில் நாதஸ்வரம் ஓடிக்கொண்டே இருந்தது. நடுநடுவே, “அம்மா, இன்னும் எவ்வளவு தூரம்?” என்று பூஜா கேட்டுக்கொண்டாள்.

பாதி வழியில் சிக்னல் ஒற்றைக் கோட்டுக்கு இறங்கியது. லைன் அறுந்தால் புது ஆள், புதுப் புகார், திரும்ப மூன்று ஆடு. ஸ்பீக்கர் பெட்டிமேல் ஏறி நின்று, ஒரு கையால் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் போனை வானத்துக்கு நீட்டினேன். சேலை முந்தானை முகத்தில் அடிக்கிறது, இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம் கீறப் பார்க்கிறது. “இருக்காளா? இருக்காளா?” என்று அண்ணன் ஓட்டிக்கொண்டே கத்துகிறார். “இருக்கேன் ஐயா!” என்று போனிலிருந்து பூஜாவே கத்தினாள். அவளுக்கும் எங்கள் பேச்சு தொற்றிக்கொண்டது.

காட்டில் இறங்கி ஓடினோம். செடிகள் தலை தொங்கி நின்றன. உதிர்ந்த பூ வெள்ளையாகத் தரையில் கிடந்தது. பெட்டியின் நம்பர்மேல் காக்கை எச்சம். அக்கா முந்தானையால் துடைக்க, நான் ஒவ்வொரு எண்ணாக வாசிக்க, பதினாலாவது எண்ணைச் சொன்னதும் பூஜா விருதுநகர் மெக்கானிக்கையும் அதே லைனில் இழுத்துவிட்டாள். அந்த ஆள் பாவம், அழாத குறையாகப் பேசினார்.

“பேச்சியம்மாள்னு ஒரு அம்மா வாராக, வாராகன்னு நாலு நாளா எனக்கு மெசேஜு வருதுங்க. அவுக வந்துருவாகளேன்னு மத்தியானம் சாப்பிடக்கூட வெளிய போகல.”

“நீங்க வருவீகன்னு நான் இங்க நிக்கேன், நான் வருவேன்னு நீங்க அங்க நிக்கீக. நடுவுல என் செடில்ல காயுது!” என்றார் அக்கா.

வெயிலில் பைக் ஓட்டிக்கொண்டு மெக்கானிக் வந்து சேர்ந்தார்; அதுவரை பூஜாவும் லைனை விடவில்லை. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு ஓணான் கருகிக் கிடந்தது. அதை எடுத்துப் போட்டு, எரிந்துபோன சர்க்யூட் அட்டையை மாற்றி, ஸ்விட்சைத் தட்டினார். குழாய் முதலில் காற்றாக இருமியது. பிறகு சேறாகத் துப்பியது. பிறகு, அப்பா! தண்ணீர்! அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குதித்தார். நான் போனைக் குழாயருகே கொண்டுபோய் நீட்டினேன். எங்கோ ஒரு ஊரில் காதில் மாட்டிய கருவியோடு உட்கார்ந்து பூஜா அந்தச் சத்தத்தைக் கேட்டாள்.

பேச்சியம்மாள் அக்கா குதிக்கவில்லை. பாத்தி ஓரத்தில் உட்கார்ந்து, வருகிற தண்ணீரில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டார். அது விரலிடுக்கில் ஓடி முதல் செடியின் வேருக்குப் போகிற வரை பார்த்துக்கொண்டே இருந்தார். அப்போதுதான் அழுதார்.

“அம்மா, தண்ணீர் வருகிறதா? நான் புகாரை மூடலாமா?” என்றாள் பூஜா.

“மூடு தாயி, நல்லா மூடு.”

“சரி அம்மா. அப்படியென்றால் நான் போ...” என்று அவள் ஆரம்பிக்க, அண்ணன், நான், மெக்கானிக் மூவரும் ஒரே குரலில், “ஏய்!” என்று அலறினோம். அவள் ஒரு கணம் நிறுத்தினாள். பிறகு மெதுவாக, “நான் வாரேன், அம்மா” என்றாள்.

“வா தாயி. மொளகா பழுக்கட்டும், அவசியம் வா” என்றார் அக்கா. அவர் நிஜமாகத்தான் கூப்பிட்டார்.

மிளகாய் பழுத்தது. காய்ந்த வற்றல் ஒரு பையில் எனக்கு, ஒரு பையில் அண்ணனுக்கு என்று தூக்கிக்கொண்டு அக்கா வந்தார். கண்ணைப் பறிக்கும் சிவப்பு. தன் போனில் ஏதோ பார்த்துக் கொடுக்கச் சொன்னார். அதில் ‘மோட்டார் கம்பெனி’ என்ற பெயரைத் திறந்தால், இலவச நம்பர் இல்லை, ஹோல்டு அண்ணனுடைய நம்பர் இருந்தது. தப்பாக ஏறிவிட்டதோ என்று, “மாத்திரட்டுமாக்கா?” என்றேன்.

“இருக்கட்டும் தாயி. கம்பெனிக்காரவுக அரை மணி நேரம் காக்கப் போடுறாக. இவுகதான் ஒத்த மணியில எடுக்காக.”

அந்தக் கடையை விட்டுவிட்டு நான் மதுரைக்கு வந்து ஒரு வருஷம் ஆகப்போகிறது. இங்கே வாஷிங் மெஷின் நின்றால், நெட் போனால், மனசே சரியில்லை என்றாலும்கூட, நானும் அந்த மைக்செட்டுக்காரருக்குத்தான் முதலில் போன் போடுகிறேன். அவர் எடுத்து, “சொல்லு தங்கச்சி” என்றாலே எனக்குப் பாதி சரியாகிவிடுகிறது.